என்னையும் இரண்டாவது பேஸில் நிறுத்தக் கோரி விண்ணப்பம்

பெறுநர்: மாண்புமிகு கமிஷனர் ராப் மான்ஃப்ரெட் அவர்கள், மேஜர் லீக் பேஸ்பால் தலைமையகம், நியூயார்க்.

பொருள்: அடிக்காமல், ஓடாமல், இரண்டாவது பேஸில் நிற்க அனுமதி வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: 1. எக்ஸ்ட்ரா இன்னிங்ஸில் இரண்டாவது பேஸில் இலவச ஆள் நிறுத்துவதை நிரந்தரமாக்கி, 2023 பிப்ரவரியில் தங்கள் கமிட்டி ஏகமனதாக நிறைவேற்றிய தீர்மானம். 2. போன சனிக்கிழமை என் அப்பா என்னைப் பார்த்த பார்வை.

ஐயா,

வணக்கம். தாங்களும் தங்கள் கமிட்டியாரும் நலமாகத்தான் இருப்பீர்கள். தங்களுக்கு என்ன குறை, குறையெல்லாம் டிக்கெட் எடுத்தவனுக்குத்தானே.

அப்பா பாளையங்கோட்டையிலிருந்து வந்து ஆறு வாரம் ஆகிறது. வயது 74. டெஸ்ட் மேட்சை டிரான்சிஸ்டரில் கேட்டே ஃபீல்டிங் செட்டிங்கைச் சொல்லிவிடுகிற ஆள். அவருக்கு நான் ஒரு வாரம் உட்கார்ந்து பேஸ்பால் பாடம் எடுத்தேன். "ரொம்ப சிம்பிள்ப்பா. ஒவ்வொரு பேஸையும் சம்பாதிக்கணும். சம்பாதிச்சு, சுத்தி, வீட்டுக்கு வந்து சேரணும். அவ்வளவுதான்." அப்பாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அவர் வாழ்க்கையும் அப்படித்தான் போனது என்பதால் இருக்கலாம்.

சனிக்கிழமை மைதானத்துக்குக் கூட்டிப் போனேன். எந்த மைதானம், எந்த அணி என்பதெல்லாம் வேண்டாம். தோற்ற வீட்டு முகவரியைக் கேட்பது நாகரிகமில்லை. ஒன்பது இன்னிங்ஸ் முடிந்தபோது 1-1. அப்பா இருக்கை நுனிக்கு வந்திருந்தார். பத்தாவது இன்னிங்ஸ். எதிரணி இன்னும் ஒரு பந்தைக்கூடச் சந்திக்கவில்லை. அதற்குள் இரண்டாவது பேஸில் ஒருவர் இடுப்பில் கைவைத்து நிற்கிறார்.

"ஏல, அவன் அப்பமே அவுட்டாயிப் போனாம்லா? ஹெல்மெட்டக் கழத்தி எறிஞ்சாம்லா?"

"ஆமாப்பா."

"பொறவு எப்படி அங்க நிக்கான்?"

"நிறுத்தியிருக்காங்கப்பா."

"யாரு?"

"கமிஷனர்."

"அடிச்சானா?"

"இல்லப்பா."

"ஓடுனானா?"

"இல்லப்பா."

"கமிஷனருக்குச் சொந்தக்காரனோ?"

நான் பதில் சொல்லவில்லை. அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் செகண்ட் செமஸ்டரில் மூன்று அரியர் வைத்த அன்று பார்த்த அதே பார்வை. பிறகு ஒரு பண்ட், மூன்றாவது பேஸ். அடுத்தவர் சென்டர் ஃபீல்டுக்கு உயரமாக ஒரு கேட்ச் கொடுத்தார். அந்த இலவச மனிதர் சாவகாசமாக வீட்டுக்கு வந்து சேர்ந்தார். 2-1. ஒரு ஹிட் இல்லை, ஒரு வாக் இல்லை, எங்கள் பிட்சர் செய்த தப்பு என்று ஒன்றும் இல்லை. எங்கள் முறை வந்ததும் எங்களுக்கும் ஓர் இலவச ஆள் கிடைத்தார். மூன்று பேர் வரிசையாக ஸ்டிரைக் அவுட் ஆகி, அவரை அங்கேயே நிற்க வைத்துவிட்டு வந்தார்கள். இலவசத்தை வாங்கவும் கொடுப்பினை வேண்டும்.

பக்கத்து இருக்கையில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர், முழங்காலில் அட்டை வைத்துப் பென்சிலால் ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்தார். முதல் பந்திலிருந்து ஒவ்வொரு கட்டத்திலும் சின்னச் சின்ன வைரம், எவ்வளவு தூரம் ஓடினாரோ அவ்வளவுக்குக் கோடு. பத்தாவது இன்னிங்ஸில் பென்சில் நின்றது. முதல் பேஸுக்குக் கோடு இல்லை, இரண்டாவதுக்கும் இல்லை, ஆனால் ஆள் நிற்கிறார். பெரியவர் சற்று யோசித்து, கட்டத்துக்குள் போர்வை போர்த்திய குட்டிப் பேய் ஒன்றை வரைந்தார். அதற்குக் கண்ணும் வைத்தார். நானும் அப்பாவும் எட்டிப் பார்த்தோம். மூவரும் ஒன்றும் பேசவில்லை.

அதைவிட அழகு, ஐயா, தங்கள் கணக்கு வழக்கு. அந்த இலவச மனிதர் ஃபீல்டிங் பிழையால் அங்கே வந்தவராகப் பாவிக்கப்படுவார். ஆனால் அந்தப் பிழை யார் கணக்கிலும் எழுதப்படாது. பிட்சரின் சராசரியில் அந்த ரன் ஏறாது. தோல்வி மட்டும் அவர் பெயரில் ஏறும். தாசில்தார் ஆபீசில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவருக்குக்கூட இப்படி ஒரு கோப்பு எழுத வராது. பிழை நடந்தது, பிழைத்தவர் எவருமில்லை! இந்த வாக்கியத்தைச் சட்டம் போட்டு மாட்டலாம்.

ஆகவேதான் ஐயா இந்த விண்ணப்பம். நான் கிரீன் கார்டு வரிசையில் நிற்பவன். என் தேதி 2016. ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற உச்சவரம்பில், இந்தியாவில் பிறந்த குற்றத்துக்காக, முதல் பேஸைக் கண்ணால் பார்க்காமல் பத்து வருஷமாக ஹோம் பிளேட்டில் மட்டையோடு நிற்கிறேன். தாங்கள் ஒரு வார்த்தை சொல்லி என்னை இரண்டாவது பேஸில் நிறுத்தினால் போதும். மிச்சத்தை ஒரு பண்ட், ஒரு கேட்ச் என்று ஒப்பேற்றிக்கொள்வேன். 2023இல் பேஸையும் 15 அங்குலத்திலிருந்து 18 அங்குலமாக்கியிருக்கிறீர்கள். மனைவியும் பையனும் கூட நிற்கத் தாராளமாக இடம் இருக்கும்.

தாங்கள் செய்ததெல்லாம் தப்பு என்று சொல்ல மாட்டேன். பந்தெறிய நேரம் குறிக்கிற பிட்ச் கிளாக் நல்ல காரியம். 2022இல் மூன்று மணி நேரத்தைத் தாண்டிய ஆட்டத்தை அடுத்த ஆண்டே 2 மணி 40 நிமிடத்துக்குக் கொண்டுவந்தீர்கள். கையுறையைக் கழற்றி மாட்டி, மறுபடி கழற்றி மாட்டுகிறவர்களைப் பார்க்கவா நாங்கள் பார்க்கிங்குக்கு அவ்வளவு கொடுத்தோம்? பழைய ரசிகர்கள் சிலர் இன்னும் முறைக்கிறார்கள். நான் தங்கள் பக்கம்.

இந்த 2026 சீசன் முதல் வந்திருக்கும் ரோபோ அம்பயர் முறையீட்டுக்கும் நான் விரோதியில்லை. பேட்டர் ஹெல்மெட்டைத் தட்டியதும் அப்பா முதலில் "தலவலியோ?" என்றார். திரையில் பந்து வந்த பாதை தெரிந்ததும் "அட, நம்ம ரிவியூல்லா!" என்று நிமிர்ந்தார். அணிக்கு இரண்டு முறையீடு, ஜெயித்தால் கையிலேயே இருக்கும், பிட்சரும் கேட்சரும் பேட்டரும் மட்டுமே கேட்கலாம். எல்லாம் உடனே பிடிபட்டுவிட்டது. ஸ்டிரைக் ஸோனின் மேல் எல்லை ஆட்டக்காரரின் உயரத்தில் 53.5 சதவீதம், கீழ் எல்லை 27 சதவீதம். தீபாவளிக்கு அளவெடுக்கிற டெய்லர்கூட அரைச் சதவீதம் பார்ப்பதில்லை. பந்து நூலிழை பிசகினாலும் கண்டுபிடிக்கிற அந்தக் கேமராக்கள், ஐயா, இரண்டாவது பேஸில் வானத்திலிருந்து இறங்கியவரை மட்டும் எப்படிக் கோட்டைவிட்டன? பத்தாவது இன்னிங்ஸில் அப்பா தலையில் அடித்துக்கொண்டார். பின்வரிசைப் பையன்கள் அவர் முறையீடு செய்வதாக நினைத்துக் கைதட்டினார்கள். முறையீடுதான் அது. தீர்ப்பு இன்னும் திரையில் வரவில்லை.

2024 கடைசியில் 'கோல்டன் அட்-பேட்' என்று ஒரு யோசனையைத் தாங்கள் காற்றில் விட்டுப் பார்த்தீர்கள். ஆட்டத்துக்கு ஒரு முறை, வரிசை யாருடையதாக இருந்தாலும், இஷ்டப்பட்டவரை அடிக்க அனுப்பலாமாம். ரசிகர்கள் கொதித்தார்கள், 'சும்மா பேச்சுத்தான்' என்ற மாதிரி தாங்களும் பின்வாங்கினீர்கள். எனக்கு அதிர்ச்சியே இல்லை. எங்கள் தெருவில் நாற்பது வருஷமாக அமலில் இருக்கிற விதி அது. பேட் எவனுடையதோ அவன் ரெண்டு தரம் ஆடுவான். முதல் பந்தில் போல்டானால் அது டிரையல் பால். கேட்டால் பேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான்.

தங்கள் விதிக் கமிட்டியில் 11 பேர் என்று அறிகிறேன். உரிமையாளர் தரப்பில் ஆறு, ஆட்டக்காரர் நான்கு, அம்பயர் ஒன்று. ரசிகர் பூஜ்ஜியம். பேட்காரன் ஆறு பேர் இருக்கிற தெருவில் வேறு என்ன விதி வரும்?

பேட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவது என்றதும் ஓக்லாந்து ஞாபகம் வருகிறது. 1968 முதல் அங்கே ஆடிய அணி. 2023 ஜூன் 13 அன்று ரசிகர்கள் தாங்களாகவே திட்டம்போட்டு 27,759 பேர் வந்து, அணியை விற்றுவிட்டுப் போ என்று உரிமையாளரைப் பார்த்துக் கத்தினார்கள். தாங்கள் அதற்கு என்ன சொன்னீர்கள்? ஒரு ராத்திரிக்குச் சராசரிக் கூட்டம் வந்திருக்கிறதே, சந்தோஷம் என்கிற தொனியில் ஒரு வாக்கியம். அந்த நவம்பரிலேயே 30 உரிமையாளரும் ஒரு வோட்டுக்கூடக் குறையாமல் லாஸ் வேகாஸுக்குப் போகச் சம்மதித்தார்கள். 2024 செப்டம்பர் 26, கடைசி ஆட்டத்துக்கு 46,889 பேர். மூன்று தலைமுறை ஒன்றாக உட்கார்ந்து அழுதது. இப்போது அந்த அணி சாக்ரமெண்டோ பக்கத்தில் ஒரு மைனர் லீக் மைதானத்தில் குடியிருக்கிறது. பெயருக்கு முன்னால் ஊர் கிடையாது. ஐம்பத்தேழு சீசன் ஆடிய ஊரை அழிக்க ஒரு வோட்டு எடுத்தால் போதும். ஆட்டம் பதினைந்து நிமிடம் நீண்டால்தான் உங்களுக்கெல்லாம் தாங்காது. வெட்கமாக இல்லையா உங்களுக்கு? வேர்ல்ட் சீரிஸ் கோப்பையையே வெறும் உலோகத் துண்டு என்று 2020இல் சொல்லிவிட்டுப் பிறகு வருத்தம் தெரிவித்தவரிடம் போய் இதைக் கேட்கிறேன் பாருங்கள்.

மன்னிக்கவும் ஐயா. குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. தங்கள் தொலைநோக்கு வாழ்க. தங்களைப்போல் யார் உண்டு.

ஒரே ஒரு சந்தேகம். போன ஆண்டு அக்டோபர் 27, வேர்ல்ட் சீரிஸ் மூன்றாவது ஆட்டம், டாட்ஜர்ஸும் ப்ளூ ஜேஸும். 18 இன்னிங்ஸ், 6 மணி 39 நிமிடம். நடுநிசியை நெருங்கும்போது ஃப்ரெடி ஃப்ரீமன் ஒன்றை வேலிக்கு வெளியே அனுப்பி முடித்துவைத்தார். டொராண்டோவில் அப்போது விடியற்காலை மூன்று மணி. ஸ்கார்பரோவில் இருக்கிற என் சித்தி மகன் தூங்காமல் தோற்றான், நான் தூங்காமல் ஜெயித்தேன். ரொம்ப நீளம் என்று அவனும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த ராத்திரி இரண்டாவது பேஸில் இலவசமாக ஒருவரும் நிற்கவில்லை. பிளே-ஆஃபில் அந்த விதி கிடையாதே! நாடே பேய் வேஷம் போட்டுக்கொண்டு திரிகிற அக்டோபரில் தங்கள் பேய்க்கு மட்டும் லீவு. முக்கியமான ஆட்டங்களுக்கு ஆகாத விதி, என் அப்பா பார்த்த ஆட்டத்துக்கு மட்டும் ஆகும் போலிருக்கிறது.

மேற்படி விஷயங்களைக் கருணையோடு பரிசீலித்து என்னை இரண்டாவது பேஸில் நிறுத்துமாறு பணிவன்புடன் வேண்டுகிறேன். அங்கே இடமில்லையென்றால் முதல் பேஸும் சம்மதம்.

இப்படிக்கு,
வரிசையிலேயே நிற்கும் ஒரு ரசிகன்.

பி.கு.: நேற்று ராத்திரி அப்பாவும் பேரனும் தாயம் ஆடிக்கொண்டிருந்தார்கள். அப்பாவுக்கு அரை மணி நேரமாகத் தாயம் விழவில்லை. கட்டையைக் கீழே வைத்துவிட்டு, ஒரு காயை எடுத்து, பாதி தூரம் கடந்த கட்டத்தில் நிதானமாக வைத்தார். "தாத்தா, தாயமே விழலையே!" என்று பையன் கத்தினான்.

"பத்தாவது இன்னிங்ஸ்லா" என்றார்.