பிரம்மாவின் லாக்புக்

எந்தச் சிவன் கோயிலுக்குப் போனாலும் கருவறையின் பின்சுவரைப் பார்க்காமல் வராதீர்கள். பெரும்பாலும் மேற்குக் கோஷ்டத்தில் லிங்கோத்பவர் நிற்பார். தூணுக்குள் சிவன், உச்சியில் ஓர் அன்னம், அடியில் ஒரு பன்றி. மக்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். நின்று படித்தால் அது ஒரு விசாரணை அறிக்கை. சம்பவ இடம், திருவண்ணாமலை. குற்றச்சாட்டு, விமானி லாக்புக்கில் பொய்ப் பதிவு. குற்றம் சாட்டப்பட்டவர் நான்முகன், தொழில் படைத்தல். (சாமியைக் கிண்டலடிக்கும் உரிமைக்குக் காளமேகப் புலவர் நம் எல்லோர் பேரிலும் பட்டா வாங்கி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார், கோபம் வேண்டாம்.)

கதை தெரிந்ததுதான். பிரம்மாவுக்கும் விஷ்ணுவுக்கும் யார் பெரியவர் என்று தகராறு. நடுவில் அடிமுடி தெரியாத தீப்பிழம்பாகச் சிவன் எழுந்து நின்றார். அடியையோ முடியையோ கண்டு வருபவர் பெரியவர். விஷ்ணு பன்றியாகி மண்ணைத் தோண்டினார். பைலட் பாஷையில் சொன்னால், கிரவுண்ட் கிளாஸிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு மணி நேரம்கூடப் பறக்கவில்லை. திரும்பி வந்து, “என்னால் முடியவில்லை, சாமி” என்று கையை விரித்தார். ஃபெயில்தான், ஆனால் ஒப்புக்கொண்ட ஃபெயில். ஊருக்கு ஊர் பெருமாள் கோயில் இருக்கிறது.

பிரம்மா அன்னமாகி மேலே கிளம்பினார். அவர் பறக்கவே இல்லை என்று எந்தப் புராணமும் சொல்லவில்லை. பறந்தார். யுகக் கணக்கில் பறந்தார். இரவுப் பறப்பு, மேகத்துக்குள் பறப்பு, குறுக்கே காற்று அடிக்கும்போது பறப்பு, எல்லாம் அசல். அந்த லாக்புக்கைப் பார்த்தால் எந்த ஏர்லைன்ஸும் வாசலில் பூரணகும்பத்தோடு நிற்கும். அவரிடம் குறைந்தது மணி இல்லை, லேண்டிங்.

இந்தியாவில் கமர்ஷியல் பைலட் உரிமம் வாங்க 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி, விமானத்துக்குத் தானே பொறுப்பேற்று ஓட்டியதாக இருக்க வேண்டும். ஒரு தடவையாவது 300 கடல் மைல், நம் கணக்கில் சுமார் 555 கிலோமீட்டர், கிராஸ் கன்ட்ரியாக ஊர்விட்டு ஊர் போயிருக்க வேண்டும். வழியில் வேறு இரண்டு விமான நிலையங்களில் சக்கரம் நிற்கிற வரைக்கும் இறங்கியிருக்கவும் வேண்டும். பிரம்மா வழுக்கி விழுந்தது இந்த ஷரத்தில்தான். முடியில் இறங்கவில்லை. இறங்கியதாக எழுதிவிட்டார்.

எழுதினால் மட்டும் போதுமா, கூட ஒருவர் கையெழுத்துப் போட வேண்டாமா? வந்தது தாழம்பூ. சிவன் தலையிலிருந்து நழுவி, நாற்பதாயிரம் ஆண்டுகளாக விழுந்துகொண்டே இருந்ததாம். இன்ஜின் இல்லாமல் நாற்பதாயிரம் ஆண்டு! கிளைடர் ஓட்டுகிறவர்கள் கும்பிட வேண்டிய சாதனை. முடியை நேரில் பார்த்த ஒரே சாட்சியும் அதுதான். தன் சொந்த அனுபவத்தைச் சொல்லியே அது பேர் வாங்கியிருக்கலாம். “ஐயா முடியைப் பார்த்தார், நானும் கூட இருந்தேன்” என்று பிரம்மாவுக்காக வாயைத் திறந்தது.

தீர்ப்பு உடனடி. பிரம்மாவுக்குக் கோயில் கிடையாது. தாழம்பூவுக்குச் சிவபூஜையில் இடம் கிடையாது. இன்ஸ்ட்ரக்டரும் மாணவரும் ஒரே நாளில் காலி. மேல்முறையீட்டுக்கும் வழியில்லை, புகார்தாரர், புலனாய்வு அதிகாரி, நீதிபதி மூவரும் ஒருவரே.

பிரம்மா கொஞ்சம் பொறுத்திருக்கலாம். அந்த மலை கிருத யுகத்தில் நெருப்பு, திரேதா யுகத்தில் மாணிக்கம், துவாபர யுகத்தில் பொன், கலியுகத்தில் கல் என்பது ஐதீகம். கல்லான பிறகு உயரம் 2,668 அடியோடு நின்றுவிட்டது. ஒரு செஸ்னா 172-ஐ எடுத்தால் நாலைந்து நிமிடத்தில் உச்சிக்கு மேலே போய், தீபக் கொப்பரையை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். எங்கே திரும்புவது என்பதுதான் சிக்கல். இவ்வளவு பெரிய பறப்பு நடந்த ஊருக்கு இன்னும் விமான நிலையம் வரவில்லை.

தாழம்பூவின் வம்சம் மட்டும் அமோகமாகத் தழைத்தது. பறக்காமல் எழுதிக்கொள்ளும் மணிக்குப் பைலட்டுகள் ‘பார்க்கர் பேனா மணி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் பி-51 என்று ஒரு சண்டை விமானம் இருந்தது. அதே காலத்தில் பார்க்கர் 51 என்று ஒரு பேனாவும் இருந்தது. “பி-51-ல் எத்தனை மணி?” என்று கேட்டால் சில பேர் சட்டைப்பையைத் தொட்டுக் காட்டுவார்கள்.

2011 ஜனவரியில் கோவாவில் ஒரு பயணிகள் விமானம் மூக்குச் சக்கரத்தை முதலில் ஊன்றி இறங்கியது. பின்சக்கரம்தான் முதலில் தொட வேண்டும் என்பது பாலபாடம். விமானியின் காகிதங்களைத் தோண்டினால், கேப்டன் உரிமத்துக்குக் கொடுத்த மதிப்பெண் பட்டியல் போலி. அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. அதே ஆண்டில் ராஜஸ்தான் ஊழல் தடுப்புப் பிரிவு ஜெய்ப்பூரின் அரசுப் பறக்கும் பள்ளிக்குள் நுழைந்து, பறக்காத மணிகள் பதிவாகியிருப்பதைக் கண்டுபிடித்தது. அரசாங்கமே நடத்திய தாழந்தோப்பு!

2015-ல் ராய்ட்டர்ஸ் ஒரு செய்தி போட்டது. ஓர் இளைஞரின் சான்றிதழில் 360 மணி நேரம் பறந்ததாக இருக்கிறது. தான் உட்கார்ந்தது துணை விமானி இருக்கையில் 35 நிமிடம்தான் என்று அவரே சொல்கிறார். கணக்குப் போட்டால் நிமிடத்துக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் வருகிறது. பிரம்மாவின் ஒரு பகல் நமக்கு 432 கோடி வருடம் என்று படிக்கும்போது நம்பாமல் சிரித்தவர்கள் இப்போது மன்னிப்புக் கேட்கலாம்.

ஆசாமிகளைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அந்த 200 மணியை ஒழுங்காகச் சேர்க்கிற பையன் படும் பாட்டையும் பார்க்க வேண்டும். வீட்டை அடமானம் வைத்து அரைக் கோடிக்குப் பக்கத்தில் கட்டியிருப்பான். காலையில் போனால் பனிமூட்டம். பனி விலகினால் விமானம் சர்வீஸில். விமானம் வந்தால் இன்ஸ்ட்ரக்டர் லீவு. மூன்றும் கூடி வந்த நாளில் மழை. பேனாவோ எந்த வானிலையிலும் கிளம்பும்.

இதற்கு முந்தைய தலைமுறை கொஞ்சம் வேறு மாதிரி. ஜே.ஆர்.டி. டாட்டா 1929 பிப்ரவரி 10-ல் இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் விமானி உரிமத்தை வாங்கினார், எண் 1. மறு வருடம் ஆகாகான் அறிவித்த ஒரு பந்தயம் நடந்தது. இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் நடுவே குறித்த கெடுவுக்குள் தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு 500 பவுண்டு. மன்மோகன் சிங் என்று ஒருவர் தன் விமானத்துக்கு ‘மிஸ் இந்தியா’ என்று பெயர் வைத்துக் கிளம்பி, வழி தவறித் திரும்பி, மறுபடி கிளம்பி, எப்படியோ போய்ச் சேர்ந்தார். கெடு தாண்டிவிட்டது, பரிசு இல்லை. எதிர்த் திசையில் வந்த ஜே.ஆர்.டி., எகிப்தில் அபுகீர் என்ற இடத்தில் இறங்கினால், அங்கே போட்டியாளர் ஆஸ்பி இன்ஜினியர், பதினேழு வயசுப் பையன், ஸ்பார்க் பிளக் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார். ஜே.ஆர்.டி. தன்னிடமிருந்த பிளக்கை எடுத்துக் கொடுத்தார். பையன் ஜெயித்தார், பின்னால் இந்திய விமானப்படைக்கே தளபதியானார். அந்தப் பாலைவனத்தில் தாழம்பூ பூக்காது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மணியைக் கூட்டினால் ஒழுக்கமும் கூடும் என்று நம்பியவர்கள் அமெரிக்கர்கள். 2009 பிப்ரவரியில் பஃபலோ நகருக்குப் பக்கத்தில் கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதன் பிறகு, துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி வேண்டும் என்று சட்டம் வந்தது. விழுந்த விமானத்தை ஓட்டிய இரண்டு பேருக்குமே 1,500-க்கு மேல் இருந்தது. இப்போது அங்கே பிள்ளைகள் பாராசூட்காரர்களை ஏற்றி இறக்கியும், விளம்பரத் துணியை வாலில் கட்டிக் கடற்கரையைச் சுற்றியும், தமக்கே முழுசாகத் தெரியாததை அடுத்தவருக்குக் கற்றுக்கொடுத்தும் மணி சேர்க்கிறார்கள்.

திருவண்ணாமலையில் ஒருவர் மட்டும் ஒழுங்காகப் பறந்தார். அருணகிரிநாதர். மன்னன் பிரபுட தேவராயனின் கண்ணுக்கு வைத்தியம் செய்ய தேவலோகத்துப் பாரிஜாதம் வேண்டுமென்று, சம்பந்தாண்டான் என்ற எதிரி யோசனை சொன்னான். அருணகிரி தன் உடம்பைக் கோபுரத்தில் விட்டுவிட்டு, செத்த கிளியின் உடம்பில் புகுந்து கிளம்பினார். போனார், இறங்கினார், ஏறினார், பூவோடு திரும்பினார். கிராஸ் கன்ட்ரி சுத்தம், அத்தாட்சி அலகில். வந்து பார்த்தால், ஆள் செத்துவிட்டார் என்று சொல்லி அவர் உடம்பை எரித்திருக்கிறார்கள். கிளி கோபுரம் இன்றும் நிற்கிறது.

2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் பைலட்டுகளுக்கு நடந்ததும் இதுதான். மணி சரி, லேண்டிங் சரி, லாக்புக் சரி. திரும்பி வந்து பார்த்தால் கம்பெனியைக் காணோம். அங்கே ஓட்டியது பெரும்பாலும் போயிங் 737. வேலை இருந்த இண்டிகோவில் ஏர்பஸ் ஏ320. உடம்பு மாறினால், அந்த ரக விமானத்தை ஓட்டுவதற்கான டைப் ரேட்டிங் புதிது. அதற்குச் சில லட்சங்கள் தனி. அருணகிரி யாருக்கும் பைசா கட்டாமல் கிளி உடம்பிலேயே தங்கிவிட்டார். அதில் உட்கார்ந்தபடியே கந்தரநுபூதியையும் பாடி முடித்தார் என்கிறார்கள்.