லாபம் முகத்தில் தெரியாமல் வேலை பார்ப்பது எப்படி?

பிராப் டிரேடிங் கம்பெனியில் வேலை கிடைத்த பிள்ளைகளுக்கும், கிடைக்கும் என்று காத்திருக்கிற பிள்ளைகளுக்கும், அங்கே அவர்கள் என்னதான் செய்கிறார்கள் என்று ஊரில் சொல்லத் தெரியாமல் முழிக்கிற பெற்றோருக்கும் இந்தக் கையேடு.

முதல் சிக்கல் அலுவலகத்துக்கு வெளியிலேயே வந்துவிடும். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைப் பெரியப்பா கேட்பார்: "உங்க கம்பெனி என்னப்பா தயாரிக்குது?" ஒன்றும் தயாரிப்பதில்லை. "சரி, கஸ்டமர் யாரு?" கஸ்டமரும் கிடையாது. புரோக்கர் கம்பெனி அடுத்தவருக்குப் பங்கு வாங்கிக் கொடுத்துக் கமிஷன் எடுக்கும். மியூச்சுவல் ஃபண்டு ஊர்ப் பணத்தைத் திரட்டும். பிராப் கம்பெனி முதலாளிகளின் சொந்தப் பணத்தையே சந்தையில் போட்டு, வாங்கி, விற்று, வந்ததைத் தானே வைத்துக்கொள்ளும். இப்படி விளக்கி முடிப்பதற்குள் "அப்போ சூதாட்டமா தம்பி?" என்ற கேள்வி பாயசத்துக்கு முன்னால் வந்து சேரும். "ஐ.டி. மாதிரிதான் பெரியப்பா" என்று முடித்துக்கொள்ளுங்கள். பெரிய பொய்யில்லை. அலுவலகத்தில் நிறையப் பேர் சி பிளஸ் பிளஸ் எழுதுகிறவர்கள்தான்.

நுழைவது

சென்னை ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் டிசம்பர் முதல் தேதி வேலைவாய்ப்பு முகாம் தொடங்கும்போது, முதல் நாள் காலையிலேயே வந்து உட்காருகிறவர்கள் பிராப் கம்பெனிக்காரர்கள். முதலில் மனக்கணக்குத் தேர்வு. 8 நிமிடத்தில் 80 கணக்கு என்பது இந்தத் தொழிலில் பிரபலமான அளவு. கால்குலேட்டர் கிடையாது. பத்து வயதில் வாய்ப்பாடு ஒப்பிக்க வைத்த வாத்தியாரை மனதுக்குள் கும்பிட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

அடுத்தது பகடை. "ஒருமுறை உருட்டலாம். விழுகிற எண் அளவுக்கு ரூபாய் தருவேன். பிடிக்காவிட்டால் இன்னொரு முறை உருட்டலாம், ஆனால் இரண்டாவதாக விழுவதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த ஆட்டத்துக்கு என்ன விலை கொடுப்பாய்?" சரியான விடை 4 ரூபாய் 25 காசு. 4, 5, 6 விழுந்தால் வைத்துக்கொள்ள வேண்டும், மற்றபடி மறுபடி உருட்ட வேண்டும். விடை எல்லோருக்கும் தெரியும் என்பதால் அதைச் சொல்லி வேலை கிடைக்காது. 'எனக்கு இதற்கு முன் தெரியாது, இப்போதுதான் கண்டுபிடிக்கிறேன்' என்ற முகத்தோடு சொல்ல வேண்டும். முகப்பயிற்சி இங்கேயே தொடங்கிவிடுகிறது.

கடைசியில் விலை சொல்லும் ஆட்டம். "இந்தியாவில் எத்தனை ரயில் நிலையங்கள்? அந்த எண்ணுக்கு வாங்கும் விலை, விற்கும் விலை இரண்டையும் சொல்." 6,000க்கு வாங்குவேன், 9,000க்கு விற்பேன் என்கிறீர்கள். தேர்வு செய்பவர் உதட்டைப் பிதுக்குவார்: இவ்வளவு இடைவெளி விட்டால் யார் உன்னிடம் வருவார்கள்? சரி, 7,000, 7,200 என்று நெருக்கினால், "7,200க்கு வாங்கிக்கொண்டேன்" என்று புன்னகைப்பார். அந்தப் புன்னகையில் உங்களுக்கு வயிறு கலங்கினால் தொழில் புரிந்துவிட்டது என்று பொருள். விடை தெரிந்தவர் உங்களிடம் வாங்கினால் உங்களுக்கு நஷ்டம், தெரியாதவர் அவசரப்பட்டு வாங்கினால் உங்களுக்கு லாபம். மிச்சமெல்லாம் நல்ல கம்ப்யூட்டரும் நல்ல காபியும்தான்.

உடையும் உணவும்

அலுவலகத்தில் இரண்டு ரகம் உண்டு. ராஜ்கோட், அகமதாபாத், மும்பை என்று பரவிக் கிடக்கும் பழைய ரகத்தில் வரிசையாக டெர்மினல்கள். ஜாபர் என்று அழைக்கப்படும் பையன்கள் எஃப் 1 தட்டி வாங்கி, எஃப் 2 தட்டி விற்றுக்கொண்டிருப்பார்கள். பல இடங்களில் நீங்களே டெபாசிட் கட்டி, லாபத்தில் பங்கு பேசி உட்கார வேண்டும். இங்கே இஸ்திரி போட்ட சட்டை நலம்.

குருகிராமிலும் பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸிலும் இருக்கிற புது ரகத்துக்கு அந்தச் சட்டையோடு போனால் ஏ.சி. ரிப்பேருக்கு வந்தவர் என்று நினைப்பார்கள். கசங்கிய டி-ஷர்ட் போடுங்கள். எவ்வளவு கசக்கலாம் என்பதற்குச் சீனியாரிட்டி உண்டு. முதல் வருடமே முதலாளி அளவுக்குக் கசக்காதீர்கள். டேபிள் டென்னிஸ் மேஜை இருக்கும். விளையாடலாம், ஆனால் எந்த நேரத்தில் யார் விளையாடுகிறார்கள் என்பதை எல்லோரும் கவனிப்பார்கள். அமெரிக்காவின் சஸ்குவெஹானா கம்பெனி போக்கர் ஆட வைத்தே டிரேடர்களைப் பழக்கியது. ஜேன் ஸ்ட்ரீட் என்ற இன்னொரு அமெரிக்க கம்பெனி இதற்கென்றே ஃபிகி என்ற சீட்டாட்டத்தை உருவாக்கியது. ஆகவே இந்த அலுவலகங்களில் விளையாட்டு என்று தோன்றுவது எதுவும் விளையாட்டு அல்ல என்று எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் சீட்டு விளையாடியதற்குத் திட்டு வாங்கியவர்களுக்கு இது ஒரு காலங்கடந்த நீதி.

சாப்பாடு இலவசம், மூன்று வேளையும். ஆனால் சாப்பிட நேரம் கிடையாது. நம் சந்தை 9.15 முதல் 3.30 வரை மூச்சு விடாமல் ஓடுகிறது. டோக்கியோ பங்குச் சந்தை 11.30க்குக் கடையைச் சாத்திவிட்டு ஒரு மணி நேரம் சாப்பிடப் போகும். வயிற்றின் மேல் அக்கறை உள்ளவர்கள் ஜப்பானிய மொழி கற்கலாம். மற்றவர்கள் ஒரு கையால் சாப்பிடும் உணவைத் தேர்ந்தெடுங்கள். ரசம் சாதம் இந்தத் தொழிலுக்கு ஏற்றதல்ல.

விடுப்பு விஷயத்தில் ஒரு வார்த்தை. எக்ஸ்பைரி என்பது ஆப்ஷன் ஒப்பந்தங்கள் காலாவதியாகும் நாள்; இப்போது நிஃப்டிக்குச் செவ்வாய், சென்செக்ஸுக்கு வியாழன். அந்த இரண்டு நாளும் உங்கள் தாத்தாக்கள் உயிரோடு இருந்தாக வேண்டும். தீபாவளிக்கு ஊருக்கு டிக்கெட் போடுவதற்கு முன் முகூர்த்த வர்த்தகம் எந்த நேரத்தில் என்று பாருங்கள். லட்சுமியை வரவேற்க ஒரு மணி நேரம் சந்தை திறக்கும். வரவேற்க ஆள் வேண்டுமல்லவா?

சத்தம்

கூடாது. 1995க்கு முன் மும்பை பங்குச் சந்தையின் தளத்தில் தரகர்கள் தொண்டை கிழியக் கத்தித்தான் வியாபாரம் செய்தார்கள். திரை வந்தது, கத்தல் போனது. இப்போது டிரேடிங் அறையில் கேட்பது கீபோர்டும் ஏ.சி.யும்தான். யாராவது கத்தினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஏதோ உடைந்துவிட்டது என்று பொருள். திரையின் மூலையில் இன்றைய லாப நஷ்டம் ஓடிக்கொண்டே இருக்கும். அதைப் பார்க்காதது போல் பார்க்கப் பழகுங்கள். நஷ்டம் வந்த நாளில் சொல்லவேண்டிய வாக்கியம்: "முடிவு சரி, விளைவுதான் தப்பு." லாபம் வந்த நாளில் இதே தர்க்கத்தின்படி "விளைவு சரி, முடிவு தப்பாகவும் இருக்கலாம்" என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னவரை நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை.

தப்பு செய்வது

சின்னத் தப்பு செய்யாதீர்கள், பெயர் நிலைக்காது. 2012 இதற்குப் பொன்னான வருடம். அக்டோபர் 5ஆம் தேதி மும்பையில் ஒரு புரோக்கர் அலுவலகத்திலிருந்து போன 59 தவறான ஆர்டர்கள், 650 கோடி ரூபாய்க்கும் மேல், நிஃப்டியைச் சில நொடிகளில் 15 சதவீதத்துக்கும் அதிகமாகக் கீழே தள்ளின. சந்தையே கால் மணி நேரம் நின்றது.

ஆனால் பாடநூலாகப் படிக்கவேண்டியது அதே வருடம் ஆகஸ்ட் 1ஆம் தேதி அமெரிக்காவின் நைட் கேப்பிட்டல் என்ற டிரேடிங் கம்பெனியில் நடந்தது. புது நிரலை 8 சர்வர்களில் ஏற்ற வேண்டும். 7இல் ஏற்றினார்கள். எட்டாவதில், பல வருடங்களாகப் பயன்படாமல் கிடந்த பழைய நிரல் தூங்கிக்கொண்டிருந்தது. புது நிரலின் சமிக்ஞை அதை எழுப்பிவிட்டது. சந்தை திறப்பதற்கு முன்பே கம்பெனியின் கணினி, ஏதோ சரியில்லை என்று ஊழியர்களுக்கு 97 மின்னஞ்சல் அனுப்பியது. தானாக வரும் மின்னஞ்சலை யார் படிக்கிறார்கள்? சந்தை திறந்தது, எட்டாவது சர்வர் இஷ்டத்துக்கு வாங்கியும் விற்றும் தள்ளியது. பதறிய பொறியாளர்கள் புது நிரல்தான் குற்றவாளி என்று முடிவுகட்டி, ஒழுங்காக இருந்த 7 சர்வர்களிலிருந்தும் அதை நீக்கினார்கள். இப்போது எட்டும் சேர்ந்து வாங்கி விற்றன. சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலர் காலி. அடுத்த வருடம் சிகாகோவின் கெட்கோ என்ற டிரேடிங் கம்பெனியோடு நைட் இணைக்கப்பட்டது.

எனவே உங்கள் அலுவலகத்தில் தானியங்கி மின்னஞ்சலையெல்லாம் படிக்காமல் வேறு ஃபோல்டருக்கு அனுப்பும் வசதியைச் செய்துவைத்துக்கொள்ளுங்கள். வரலாற்றில் இடம்பெற இதைவிடச் சிக்கனமான வழி இல்லை.

ரகசியம்

சேரும் நாளில் நீட்டுகிற காகிதத்தை முழுதாகப் படியுங்கள், இதை மட்டும் நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. வேலையை விட்டால் ஒரு வருடம் வேறு எங்கும் சேரக் கூடாது என்பது போன்ற நிபந்தனைகள் சகஜம். சில இடங்களில் அந்தக் காலத்துக்குச் சம்பளம் உண்டு, சில இடங்களில் இல்லை. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 27 தொழில் செய்யத் தடைபோடும் ஒப்பந்தங்களைச் செல்லாது என்கிறது. ஆனாலும் போனஸ் பாக்கி அவர்கள் கையில் இருக்கும்போது சட்டப்பிரிவைச் சுட்டிக்காட்டத் தனித் துணிச்சல் வேண்டும்.

ரகசியத்தைக் காப்பது எப்படி என்று முதலாளிகளுக்கும் ஒரு குறிப்பு: வழக்குப் போடாதீர்கள். 2024 ஏப்ரலில் ஜேன் ஸ்ட்ரீட், தன்னிடமிருந்து விலகிய இரண்டு டிரேடர்கள் ரகசிய உத்தியை எடுத்துப் போய்விட்டார்கள் என்று அவர்கள் மீதும், அவர்கள் சேர்ந்த மில்லேனியம் என்ற ஹெட்ஜ் ஃபண்டு மீதும் நியூயார்க்கில் வழக்குப் போட்டது. விசாரணையில், ரகசியம் இந்திய ஆப்ஷன் சந்தையைப் பற்றியது என்பதும், முந்தைய வருடம் அதில் ஜேன் ஸ்ட்ரீட் சுமார் 100 கோடி டாலர் சம்பாதித்தது என்பதும் வெளியே வந்தன. டிசம்பரில் சமரசம் ஆனது. அதற்குள் இந்தியாவில் காது கேட்கிறவர்களுக்கெல்லாம் கேட்டுவிட்டது. 2025 ஜூலை 3ஆம் தேதி பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி, சந்தைக் குறியீட்டை முறைகேடாக ஆட்டுவித்ததாகக் குற்றம்சாட்டி, இடைக்கால உத்தரவு போட்டு ஜேன் ஸ்ட்ரீட்டின் 4,843 கோடி ரூபாயை முடக்கியது. குற்றச்சாட்டை மறுத்து, அந்தக் கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போனது.

கடைசியாக, வேலைக்குப் போகாமல் வீட்டிலிருந்தே போனில் ஆப்ஷன் வாங்கலாமா என்று யோசிக்கிற வாசகருக்கு. 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட கணக்குப்படி, 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் பங்கு எஃப் அண்ட் ஓ-வில் (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். 2023-24இல் மட்டும் பிராப் டிரேடர்களின் மொத்த லாபம் சுமார் 33,000 கோடி. அதில் 96 சதவீதம் கம்ப்யூட்டர் நிரலே தானாக வாங்கி விற்று ஈட்டியது. உங்கள் ஆர்டருக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் முகத்தை நீங்கள் பார்க்கப்போவதில்லை. பார்த்தாலும் அதில் ஒன்றும் தெரியாது.