கால் மாத்திரை மிச்சம்: பந்தயத் தடத்துச் சுற்று நேரம் குறித்து ஓசூர்ப் பள்ளியாரின் தடைவிடைகள்

ஆராயத் தக்க பொருள்களை எல்லாம் ஆராய்ந்து தீர்த்துவிட்ட இக்காலத்தில், ஓசூரில் வாழும் ஒரு சிறு கூட்டத்தார் ஞாயிற்றுக்கிழமைகளில் செய்துவரும் அரும்பணி மட்டும் அறிஞர் கண்ணில் படாமலே கிடக்கிறது. இவர்கள் சொந்தக் காரை எடுத்துக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டைக்குப் போகிறார்கள். அங்குள்ள 3.717 கிலோமீட்டர் பந்தயத் தடத்தில் சுற்றிச் சுற்றி வந்து, புறப்பட்ட இடத்திலேயே நிறுத்திவிட்டு, நிறைவோடு வீடு திரும்புகிறார்கள். போன தடவையைவிட ஒரு நொடி குறைந்திருந்தால் அந்த வாரம் முழுக்க இவர்களோடு பேச முடியாது. அந்த ஒரு நொடியே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள்.

இவ்வாராய்ச்சி ஓசூரில் முளைத்ததற்கு மண்வாகே காரணம் என்க. டிவிஎஸ் 50 மொபெட் 1980இல் இங்கிருந்துதான் ஊர்வலம் புறப்பட்டது. அதே ஆண்டு அசோக் லேலண்டு இங்கே லாரி ஆலை திறந்தது. 1982இல் டிவிஎஸ் பந்தய அணி பிறந்தது. பிறகு டைட்டன் கைக்கடிகாரம் வந்தது. அண்மையில் ஏதர் ஸ்கூட்டரும், மாவட்டத்தின் மறுகோடியில் போச்சம்பள்ளியில் ஓலாவும் வந்தன. ஆக, வேகமாகப் போகும் பொருள், மெதுவாகப் போகும் பொருள், இரண்டையும் அளக்கும் பொருள் மூன்றையும் செய்யும் ஊர் இது. டிவிஎஸ் வளாகத்துக்குள் சோதனைத் தடமே உண்டு. ஆனால் அது மதிலுக்கு உள்ளே இருக்கிறது. ஆய்வாளரோ மதிலுக்கு வெளியே இருக்கிறார்.

எனவே பயணம். சென்னையைச் சேர்ந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953இல் தொடங்கியது. சோழவரத்தில் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் பல காலம் பந்தயம் நடத்திவிட்டு, 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தத் தடம் கண்டது. ஓசூரிலிருந்து அங்கே சுமார் 270 கி.மீ. போய்வர 540. தடத்தின் நீளத்தால் வகுத்தால் 145 சுற்று. அதாவது ஒரு நொடியை மிச்சம் பிடிப்பதற்கு ஆய்வாளர் முதலில் 145 சுற்று தூரத்தை டோல் கட்டிக் கடக்கிறார். இந்தக் கணக்கை அவர் வீட்டில் காட்டுவதில்லை.

இனி அந்த நொடியைப் பிளந்து பார்ப்போம். சாதாரணக் காரில் ஒருவர் ஒரு சுற்றை 130 நொடியில் முடிக்கிறார் என்று கொள்க. சராசரி வேகம் மணிக்கு 103 கி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. 129 நொடியாக்க அந்தச் சராசரி 0.8 கி.மீ. கூடினால் போதும். தடத்தில் வளைவுகள் 12. பங்கிட்டால் வளைவுக்கு நொடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு. தொல்காப்பியர் மாத்திரைக்குக் கண் இமைப்பதையும் கை நொடிப்பதையும் அளவாகச் சொன்னார். ஓர் இமைப்புக்கு நொடியில் மூன்றில் ஒரு பங்கு வைத்தால், நமக்கு வேண்டியது வளைவுக்கு வெறும் கால் மாத்திரை. இலக்கணத்தில் மகரக்குறுக்கத்துக்கும் ஆய்தக்குறுக்கத்துக்கும்தான் இவ்வளவு சின்ன அளவு. பள்ளிக்கூடத்தில் மகரக்குறுக்கத்தைத் தேர்வு முடிந்த அன்றே மறந்தவர்கள், நாற்பது வயதில் அதைப் பெட்ரோல் போட்டுத் தேடுகிறார்கள்.

எப்படித் தேடுவது என்பதில்தான் பள்ளிகள் பிரிகின்றன. முதலாவது பாகவாதம். மிச்சமெல்லாம் பாகங்களில் ஒளிந்திருக்கிறது என்பது இவர்கள் கொள்கை. சைலன்சர் மாற்றுவார்கள், ஏர் ஃபில்டர் மாற்றுவார்கள், அகல டயர் போடுவார்கள். எடை குறைக்க வேண்டும் என்று பின் சீட்டையும் 15 கிலோ ஸ்டெப்னியையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு, போகிற வழியில் ஆம்பூரில் நிறுத்திப் பிரியாணி சாப்பிடுவார்கள். பிரியாணியின் எடை கணக்கில் சேராது என்பது இப்பள்ளியின் துணைக்கோட்பாடு.

பாகவாதிகளிடம் நியாயமே இல்லை என்றும் தள்ளிவிட முடியாது. பிரேக் ஆயில் விஷயத்தில் அவர்கள் சொல்வது சரி. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கையில் 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. ஈரம் உறிஞ்சிய பழைய ஆயிலுக்கு 155 டிகிரியே எல்லை. தடத்தில் கொதித்துவிட்டால் பெடல் அப்படியே தரையைத் தொடும். அப்போது இலக்கணம் ஒன்றும் உதவாது. டயர் காற்றும் அப்படித்தான்: சூடேறினால் சில சுற்றுகளிலேயே ஐந்தாறு பாயிண்ட் ஏறிவிடும், இறக்கி வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

இரண்டாவது பாதவாதம். மிச்சம் வலது பாதத்தில் இருக்கிறது என்பவர்கள் இவர்கள். வளைவின் ஆரம் நான்கு மடங்கானால் டயரின் அதே பிடியில் இரு மடங்கு வேகத்தில் திரும்பலாம் என்பது இயற்பியல். அதனால்தான் தடத்தின் வெளிவிளிம்பில் தொடங்கி, உள்விளிம்பைத் தொட்டு, மறுபடி வெளிவிளிம்புக்குப் போகிறார்கள், வளைவு நிமிர்கிறது. இந்தப் பாதைக்குத்தான் ‘லைன்’ என்று பெயர். அதைவிட முக்கியம், நேர்ப்பாதையிலேயே பிரேக்கை முடித்துக்கொண்டு மெதுவாக உள்ளே போய் வேகமாக வெளியே வருவது. வளைவின் வாயில் ஐந்து கி.மீ. கூட்டிப் போனவர் அந்த வளைவோடு லாபத்தை முடித்துக்கொள்கிறார். வெளியேறும்போது ஐந்து கி.மீ. கூட்டியவர் அடுத்த நேர்ப்பாதை முழுக்க அதை அனுபவிக்கிறார். புதியவர் எல்லோரும் கடைசி நொடியில் பிரேக் மிதிப்பதையே வீரம் என்று எண்ணி, வெளியேறும் இடத்தில் தடுமாறி, சம்பாதித்ததைவிட அதிகம் தொலைக்கிறார்கள். ஓசூர்க்காரருக்கு இதில் தனிச் சிரமம் உண்டு. அத்திப்பள்ளி நெரிசலில் வருடக்கணக்கில் ஓட்டியவருக்கு ‘லைன்’ என்றால் முன்னால் நிற்கும் லாரியின் பின்புறம். கண்ணை வளைவின் முடிவில் வைக்கச் சொன்னால் அவர் பம்பரைத் தேடுகிறார்.

தடை: தேசிய நெடுஞ்சாலை 44 வாசலிலேயே கிடக்க, சூளகிரிப் பக்கம் போய்ப் பயிற்சி எடுத்தால் என்ன? விடை: கூடாது. பந்தயத் தடத்தில் எல்லாரும் ஒரே திசையில் ஓட்டுவார்கள். கொடி காட்ட ஆள் நிற்பார். ஆம்புலன்ஸ் தயாராக இருக்கும். ஹெல்மெட் இல்லாதவரை உள்ளே விடமாட்டார்கள். நெடுஞ்சாலையில் இவற்றுள் முதலாவதற்கே உத்தரவாதம் கிடையாது.

கடைசியாக, அளவை. தட நாள்களில் பலர் நேரம் பார்ப்பது கைபேசியில். அதிலுள்ள ஜிபிஎஸ் பொதுவாக நொடிக்கு ஒருமுறை இடம் குறிக்கும். அதற்குள் கார் 28 மீட்டருக்கு மேல் போயிருக்கும். இடையிலுள்ளதைச் செயலி ஊகிக்கிறது. ஊகத்தின் மூன்றாம் தசமத்தை வைத்து நண்பர்கள் சண்டை போடுகிறார்கள். நேரம் குறையவில்லை என்றால் “டயர் சூடே ஆகல மச்சி” என்பது காலைச் சாக்கு. “டயர் ரொம்ப சூடாயிடுச்சு” என்பது மதியச் சாக்கு. ஓசூரில் இச்சாக்குகள் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் கிடைக்கும். டயர் சரியான சூட்டில் இருந்ததாக ஒப்புக்கொண்ட ஓட்டுநர் எவரும் இவ்வாய்வுக்குச் சிக்கவில்லை.

தீர்ப்பு பாதவாதத்துக்கே. சைலன்சருக்கு வைத்திருக்கும் பணத்தில் நல்ல பயிற்சியாளர் ஒருவரைப் பக்கத்துச் சீட்டில் உட்கார வையுங்கள். அவர் எடையால் போகும் நேரத்தைவிட அவர் வாயால் வரும் நேரம் அதிகம். பாகவாதிகளுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: ஸ்டெப்னியைக் கழற்றியே தீர வேண்டும் என்றால் தடத்தின் வாசலில் கழற்றுங்கள். ஓசூரில் கழற்றாதீர்கள். வாணியம்பாடி தாண்டிப் பஞ்சரானால் அன்றைய சுற்று நேரத்தை மணிக்கணக்கில்தான் சொல்ல வேண்டியிருக்கும்.