ஆஸ்கர் வாங்கிய முதலாளி

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் பட்டுக் கடையும் பிள்ளையார்பாளையத்தில் தறியும் வைத்துக்கொண்டு, வீட்டில் பெரிய மீன் வளர்க்கும் முதலாளியை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். வீட்டுக்கு வந்தவருக்குக் காப்பி வருவதற்குள், "இவன் என் கையிலேயே வாங்கிச் சாப்பிடுவான், பாருங்க சார்" என்று எழுந்துவிடுவார். 'இவன்' என்றால் மகன் அல்ல. மகன் பிளஸ் டூ. அவன் சாப்பிட்டானா என்பது இவருக்குத் தெரியாது.

கப்பி, மோலி வளர்ப்பவர்கள் மேல் இவருக்கு இரக்கம்தான். "அது கொசுப்புழு திங்கிற மீனு. கார்ப்பரேஷன்காரனே சும்மா கொண்டாந்து விடுறான். அதுக்கு எதுக்கு சார் தொட்டி?" என்பார். மீன் என்றால் எதிரே நிற்கிறவரை முறைக்க வேண்டும். ஆஸ்கர் முறைக்கும். பிளவர்ஹார்ன் கண்ணாடியையே முட்டும். அரவானா யாரையும் ஏறெடுத்துப் பார்க்காது; அந்தத் திமிருக்கே தனி மரியாதை.

தொழிலில் மனிதர் எமகாதகர். பாவில் ஒரு இழை அறுந்திருந்தால் நாலடி தள்ளி நின்றே சொல்லிவிடுவார். உடலும் கரையும் சேரும் கோர்வையில் ஒரு பல் பிசகினாலும் புடவையை மடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார். புடவையின் அகலம் 48 அங்குலம். அதில் அரை அங்குலம் குறைந்தால் கூலிக்கு ஆபத்து. இப்படி டேப்பும் கையுமாக அலைகிறவர், தொட்டி வாங்குகிற அன்று மட்டும் டேப்பைக் கல்லாவில் வைத்துவிட்டுப் போகிறார். டிவி அலமாரிக்கும் சாமி அலமாரிக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறதோ அதுதான் தொட்டியின் அளவு. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். விளிம்பு வரை ஊற்றினாலும் 56 லிட்டர்தான் பிடிக்கும்.

மீனுக்கு ஞாயிற்றுக்கிழமை கொளத்தூர் யாத்திரை. சென்னையில் வண்ணமீன் என்றால் கொளத்தூர்தானே. அங்கே இரண்டு அங்குல ஆஸ்கர் குஞ்சுகள் நாய்க்குட்டி போல மூக்கைக் கண்ணாடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டு வரும். ஆள் அங்கேயே காலி. "ரொம்பப் பெருசா வளருமாப்பா?" என்று ஒப்புக்கு ஒரு கேள்வி. "தொட்டிக்குத் தகுந்த மாதிரிதான் சார் வளரும்" என்று கடைப் பையன் சொல்வான். மீன் உலகில் நூறு வாய் மாறியும் அழியாத பொய் இது. சின்னத் தொட்டியில் மீன் அடக்கமாக வளராது. கழிவின் அமோனியாவில் வெந்து, முதுகு வளைந்து, ஆயுசு குறைந்து போகும். நன்றாகக் கவனித்தால் ஆஸ்கர் ஒரே வருஷத்தில் பத்து அங்குலத்தைத் தொட்டுவிடும். ஓரடி அகலத் தொட்டியில் அது திரும்ப வேண்டுமானால் ரிவர்ஸ்தான் எடுக்க வேண்டும்.

இதில் எனக்குப் புரியாதது ஒன்று. மூன்றடி மண் கேட்டு வந்த குள்ளப் பிள்ளை முப்பத்தைந்து அடிக்கு ஓங்கி நிற்கிற உலகளந்த பெருமாள் கோயில் இதே ஊரில்தான் இருக்கிறது. முதலாளி சனிக்கிழமை தவறாமல் அங்கே போய் அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு வருகிறவர்.

ஒற்றை ஆஸ்கருக்கே நாலடி நீளம், ஒன்றரையடி அகலம், ஒன்றரையடி உயரம் வேண்டும். கிட்டத்தட்ட 255 லிட்டர். நாலடி என்றால் 48 அங்குலம், இவர் தினமும் அளக்கிற அதே புடவை அகலம். இதைச் சொன்னால் "அட, ஆமாம்ல!" என்று வியந்துவிட்டு அரவானாவுக்குத் தீனி போடப் போய்விடுவார்.

ஆம், அதற்குள் அரவானாவும் வந்துவிட்டது. அமேசான் ஆற்று வெள்ளி அரவானா, மூன்றடி வரை வளரும் ஜாதி. மரக்கிளையில் இருக்கும் பூச்சியைத் தண்ணீரிலிருந்து எம்பிக் கவ்வுகிற மீன். மூடியில்லாத தொட்டியில் விட்டால் காலையில் சோபாவுக்கு அடியில்தான் தேட வேண்டும்.

கல்யாணப் பட்டு எடுக்க வருகிறவர்களிடம் "பத்துப் பொருத்தமும் பார்த்தாச்சா?" என்று விசாரிக்கிறவர், தன் தொட்டியில் பார்ப்பது ஒரே பொருத்தம்: நிறம். ஆரஞ்சு ஆஸ்கருக்குப் பக்கத்தில் மயில்கழுத்துப் பச்சை எடுக்கும் என்று இன்னொன்று, கரை கட்டினாற்போல் வெள்ளியில் ஒன்று. நடுவில் சிவப்பு பிளவர்ஹார்ன். 1990களில் மலேசியாவில் பண்ணைக்காரர்கள் கலந்து உண்டாக்கிய மீன் அது. எந்த ஆற்றிலும் இயற்கையாகத் தோன்றியதல்ல. தலைப் புடைப்பு பெருக்கப் பெருக்க வீட்டில் அதிர்ஷ்டம் பெருகும் என்பது நம்பிக்கை. அதிர்ஷ்டம் வந்ததோ இல்லையோ, விடிந்து பார்த்தால் தொட்டியில் பிளவர்ஹார்ன் மட்டும் முழுசாக இருந்தது. ஆஸ்கருக்கு வால் இல்லை. மயில்கழுத்துப் பச்சையைக் காணவே காணோம்.

பெரிய மீன்களின் சம்பந்தத்தில் முதல் விதி வாய்ப் பொருத்தம்: வாய்க்குள் நுழைகிறதெல்லாம் தீனி. அடுத்தது இடப் பொருத்தம்: அரவானா மேலே நீந்தும், பிச்சிர் என்கிற மீன் தரையில் கிடக்கும், அதனால் வழக்கு வராது. பிளவர்ஹார்னுக்குத் தனிக்குடித்தனம்தான், நாலடித் தொட்டியில் பிரம்மச்சாரியாக. இரண்டு ஆஸ்கரும் ஒரு துணையும் வேண்டுமென்றால் ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம்.

முதலாளி அதற்கும் தயார். "மாடியில போட்டுடலாம் சார்." 680 லிட்டர் தண்ணீர், அதாவது 680 கிலோ, கண்ணாடியும் ஸ்டாண்டும் தனிக்கணக்கு. மாடியோ தாத்தா காலத்து மெட்ராஸ் டெரஸ். நேர் கீழே தறி. "அப்புறம் நெசவே வேணாம், தோணி விட்டுக்கலாம்" என்று வீட்டம்மா உள்ளேயிருந்து சொன்னார்கள். அந்த வீட்டில் கணக்குத் தெரிந்தவர் அவர்தான் என்று நினைக்கிறேன்.

தொட்டித் திறப்பு விழாவையும் சொல்ல வேண்டும். காலையில் தண்ணீர், பத்தரைக்குக் கற்பூரம், பதினொன்றுக்கு மீன். கழிவை முறிக்கிற பாக்டீரியா பில்டரில் குடியேற ஒரு மாதமாவது ஆகும் என்றால், "நல்ல நாள் போயிடும் சார்." வாரம் கால் பங்கு தண்ணீர் மாற்ற வேண்டும் என்றால், "போன மாசம்தானே மாத்தினோம்." மாற்றிய அன்றைக்கு ஆஸ்கர் கோபித்துக்கொண்டு ஒருக்களித்துப் படுத்துவிடும், செத்துவிட்டது என்று வீடே அலறும். சாயங்காலம் எழுந்து கூழாங்கல்லை வாயில் அள்ளிக் கண்ணாடியில் துப்பும். பிளாஸ்டிக் செடியைப் பிடுங்கி எறியும்.

முதலாளியின் கடைசிப் பெருமை பிரானா. "விரலை விட்டுடாதீங்க!" என்று போன தீபாவளிக்கு ஊரையே பயமுறுத்தினார். மீன் விற்கிற அம்மா ஒருநாள் கூடத்தை எட்டிப் பார்த்து, "இன்னாய்யா, ரூப்சந்தை உசுரோட வச்சிருக்கே! கொழம்பு வைக்கலியா?" என்று கேட்டுவிட்டார். அது பாக்கு, பிரானாவுக்குத் தூரத்துப் பங்காளி. பல்கூட நம் பல் மாதிரிதான் தட்டையாக இருக்கும். ரூப்சந்த் என்ற பெயரில் பண்ணையில் வளர்த்துக் கிலோக் கணக்கில் விற்கிறார்கள்.

இப்போது, தொட்டிப் பாசியைத் தின்னட்டும் என்று அவர் வாங்கிய டேங்க் கிளீனர் மீனும் ஓரடியைத் தாண்டிவிட்டது. "வரதராஜர் கோயில் குளத்துல விட்டா புண்ணியம்" என்று பேச்சு அடிபடுகிறது. அத்தி வரதர் நாற்பது வருஷம் நிம்மதியாகச் சயனிக்கிற குளம் அது; 1979-லும் 2019-லும் வெளியே வந்தவர் மறுபடி எழுந்து வரும்போது குளம் முழுக்க டேங்க் கிளீனராக இருந்தால் நன்றாயிராது. நீர்நிலையில் விட்டால் அது கரையைக் குடைந்து முட்டையிட்டுப் பெருகும். நம் ஊர்க் கெண்டைக்கும் கெளுத்திக்கும் இடமிருக்காது.

நீங்கள் பட்டெடுக்க வந்தால் பில்லோடு சேர்த்து, "ஒரு ஆஸ்கர் சும்மா எடுத்துட்டுப் போங்க சார்" என்பார். வீட்டில் நாலடித் தொட்டிக்கு இடமிருந்தால் தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் புடவையோடு நிறுத்திக்கொண்டு, குளத்துப் பக்கம் போக வேண்டாம் என்று அவரிடம் கண்டிப்பாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள். வாளியை ஏற்கெனவே ஸ்கூட்டரில் கட்டிவிட்டார்.