ஸ்டார்ட் ஆயிடுச்சா?

கே: ஹைபிரிட் கார் வாங்கியதிலிருந்து, ஏறுகிறவர்கள் எல்லாம் 'ஸ்டார்ட் ஆயிடுச்சா?' என்று கேட்டுத் துளைக்கிறார்கள். என்ன சொல்வது? (அம்பத்தூர் ஓ.டி. வாசகர்)

ப: டாஷ்போர்டில் 'ரெடி' என்று விளக்கு எரிகிறதே, படித்துப் பாருங்கள் என்று நண்பரிடம் சொல்லலாம். மாமனாரிடம் சொல்ல முடியாது. பேசாமல் வண்டியை நகர்த்திவிடுங்கள். பூஜை போடத் திருவேற்காட்டுக்குப் போனால் மட்டும் ஜாக்கிரதை. எலுமிச்சம்பழம் வைக்கும் குருக்கள் எஞ்சின் சத்தத்தை எதிர்பார்த்துக் குனிந்தே இருப்பார். நசுங்க வேண்டியது பழம் மட்டும்தான்.

கே: விளம்பரத்தில் லிட்டருக்கு 28 கிலோமீட்டர் என்றார்கள். எனக்கு 18 தாண்டவில்லை. ஏமாந்துவிட்டேனா? (ஆவடி வாசகர்)

ப: மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர் இரண்டின் ஹைபிரிட் ரகத்துக்கும் சான்றிதழில் உள்ள மைலேஜ் 27.97. ஆய்வுக்கூடத்தில் உருளைகளின் மேல், ஏ.சி.யை அணைத்துவிட்டு ஓட்டி எடுத்த எண் அது. அந்த உருளைகளுக்கு ஆவடி செக்போஸ்ட் தெரியாது. திடீரென்று இடதுபக்கம் ஒடிக்கும் ஷேர் ஆட்டோவும் தெரியாது.

அது போகட்டும். தினமும் எவ்வளவு தூரம் ஓட்டுகிறீர்கள்? பிள்ளையை இரண்டு கிலோமீட்டரில் பள்ளியில் இறக்கிவிட்டுத் திரும்புகிறவர் என்றால் குற்றவாளி கிடைத்துவிட்டார். காலையில் குளிர்ந்து கிடக்கும் எஞ்சின், தன்னையும் புகைக்குழாயில் உள்ள வினையூக்கியையும் சூடாக்க முதல் சில நிமிடம் எப்படியும் ஓடும். அது சூடாகி ஓய்வெடுக்க நினைக்கும்போது நீங்கள் பள்ளி வாசலில் நிற்பீர்கள். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஒரே மூச்சாகப் போனால்தான் ஹைபிரிட் தன் வேலையைக் காட்டும். போதாததற்கு 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வேறு. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. டயரில் காற்றைப் பார்த்துவிட்டு, டேங்க் டு டேங்க் கணக்குப் போடுங்கள். திரையில் தெரியும் எண்ணுக்குப் பெரும்பாலும் கொஞ்சம் தற்பெருமை உண்டு.

கே: பாடியிலிருந்து திருமுல்லைவாயில் வரை ஊர்ந்தால் நல்ல மைலேஜ். பெங்களூரு சாலையில் பறந்தால் குறைகிறது. வண்டியில் கோளாறா? (கொரட்டூர் வாசகி)

ப: கோளாறு இல்லை, குணமே அதுதான். நீங்கள் ஊரும் சி.டி.எச். சாலையில் மற்றக் கார்கள் நின்றபடியே பெட்ரோல் குடிக்கும்போது உங்கள் எஞ்சின் பாதி நேரம் தூங்குகிறது. பிரேக்கை மெல்ல மிதித்தால் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, வேகத்தை மின்சாரமாக்கி பேட்டரியில் போடுகிறது. புது ரக மின்சார ரயில்களும் இதையே செய்கின்றன. நிறுத்தும்போது கிடைக்கும் மின்சாரத்தை மேலே உள்ள கம்பிக்கே திருப்பிக் கொடுக்கின்றன. ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி நூறில் போகும்போது பிரேக்குக்கே வேலை இல்லை, சேமிக்க என்ன இருக்கிறது? காற்றைக் கிழிக்கும் வேலை முழுக்க எஞ்சின் தலையில்.

நீங்கள் தினமும் கடக்கும் பாடியில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் செய்யும் லூகாஸ் டி.வி.எஸ். அங்கே, பிரேக்ஸ் இந்தியாவும் அங்கேதான். டொயோட்டா வழி ஹைபிரிட்டில் தனி ஸ்டார்ட்டரும் கிடையாது, ஆல்டர்னேட்டரும் கிடையாது. பிரேக் பேடும் லேசில் தேயாது. அந்த வழியாகப் போகும்போது ஹாரன் அடிக்காமல் அடக்கமாகப் போங்கள்.

கே: சிக்னலில் நியூட்ரல் போட்டால் மிச்சமாகுமா? (மண்ணூர்பேட்டை வாசகர்)

ப: அம்பாசிடர் காலத்துப் பழக்கம். ஹைபிரிட்டில் நியூட்ரல் போட்டால் பேட்டரி சார்ஜ் ஏறாது. 'டி'யிலேயே விட்டு பிரேக்கில் காலை வையுங்கள்.

கே: கூடுதலாகப் போட்ட பணம் எப்போது திரும்பும்? (பூந்தமல்லி வாசகர்)

ப: நோட்டை எடுங்கள். சாதா பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கைவிட மூன்று லட்சம் அதிகம் கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். மாதம் 1,000 கிலோமீட்டர். ஊருக்குள் அது 12 கொடுத்தால் 83 லிட்டர். உங்களுடையது 20 கொடுத்தால் 50 லிட்டர். மிச்சம் 33 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்றால் மாதம் 3,300, வருடத்துக்குச் சுமார் 40,000. ஆக, ஏழரை வருடம். ஆம், ஏழரைதான்! ஹைபிரிட் பேட்டரிக்குக் கொடுக்கும் உத்தரவாதம் பொதுவாக 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர். போட்ட காசு கைக்கு வந்து ஆறு மாதத்தில் உத்தரவாதம் விடைபெறும். மாதம் 500 கிலோமீட்டர்தான் ஓட்டுவீர்கள் என்றால் இந்தக் கணக்கை வீட்டில் காட்டாதீர்கள்.

அரசாங்கமும் கைகொடுக்கவில்லை. 2025 செப்டம்பர் 21 வரை இந்த அளவு ஹைபிரிட் கார்களுக்கு வரி 43 சதவீதம், பிறகு 40. மின்சாரக் காருக்கு வெறும் 5. உத்தரப் பிரதேசம் 2024-ல் ஹைபிரிட்டுக்குப் பதிவு வரியைத் தள்ளுபடி செய்தது. தமிழ்நாட்டில் அந்தச் சலுகை மின்சார வண்டிக்குத்தான். பச்சை நம்பர் பிளேட்டும் அதற்கே.

கே: பழைய கார் ஒன்றின் முதுகில் 'ஸ்மார்ட் ஹைபிரிட்' என்று இருக்கிறது. வாங்கினால் இதே மைலேஜ் வருமா? (அயப்பாக்கம் வாசகர்)

ப: வராது. 2015-ல் சியாஸ் டீசலில் மாருதி கொண்டுவந்த ஏற்பாடு அது. சிக்னலில் எஞ்சினை அணைக்கும், கிளம்பும்போது சின்ன உதவி செய்யும். தனியாக ஓரடிகூட ஓட்டாது. பெயரில் மட்டும் ஹைபிரிட்.

கே: மழை வெள்ளத்தில் இறங்கினால் ஷாக் அடிக்குமா? (பட்டாபிராம் வாசகி)

ப: உயர் அழுத்த மின்சுற்று வண்டியின் உடலோடு சேராமல் தனியாக இருக்கும், பழுது தெரிந்தால் ரிலே தானே துண்டித்துவிடும். பயப்பட வேண்டியது வேறு. முழங்கால் தண்ணீரில் எஞ்சின் அணைந்த நிலையில் சத்தமில்லாமல் போவீர்கள், கப்பல் ஓட்டுவதாக நினைப்பு வரும். நடுவில் பேட்டரி குறைந்ததும் எஞ்சின் யாரையும் கேட்காமல் எழும். காற்று போகும் வழியில் தண்ணீர் இருந்தால் உள்ளே இழுத்து பிஸ்டனை முறித்துக்கொள்ளும். சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் சுற்றிப் போங்கள். மூழ்கி நின்ற வண்டியில் ஆரஞ்சு நிற ஒயரை மட்டும் நீங்களும் தொடாதீர்கள், 'நான் பாத்துக்கறேன்' என்று வரும் பக்கத்துத் தெரு மெக்கானிக்கையும் தொட விடாதீர்கள்.

கே: மூன்று வாரம் ஊருக்குப் போய் வந்தால் காரில் உயிரே இல்லை. பெரிய பேட்டரி போய்விட்டதா? (காட்டுப்பாக்கம் வாசகர்)

ப: பெரியவர் நலம். கம்ப்யூட்டர்களை எழுப்பும் சின்ன 12 வோல்ட் பேட்டரிதான் படுத்திருக்கும். நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளாதீர்கள், தள்ளி ஸ்டார்ட் செய்யும் வழியே இதில் இல்லை. முன்சக்கரம் தரையில் உருளக் கட்டி இழுப்பதும் கூடாது. அடுத்த முறை சாவியை வீட்டில் இருப்பவரிடம் கொடுத்து, வாரம் ஒரு முறை அரைமணி நேரம் 'ரெடி'யில் வைக்கச் சொல்லுங்கள்.

கே: எங்கள் ஊரில் டாங்கி செய்கிறார்கள். அதற்கும் ஹைபிரிட் வருமா? (ஆவடி மாணவர்)

ப: 2022-ல் அமெரிக்காவில் ஏப்ராம்ஸ் டாங்கியின் ஹைபிரிட் மாதிரி ஒன்றைக் காட்டி, எரிபொருள் பாதியாகும் என்றார்கள். உங்கள் ஊர் அர்ஜுன் இன்னும் 1,400 குதிரைத்திறன் டீசல். அதனிடம் மைலேஜ் கேட்பதாக இருந்தால், கேள்வியைத் திருப்பிப் போட்டு, கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று கேளுங்கள்.