பள்ளுருத்திக் கணினிகளில் புள்ளிக்கோப்புப் பாடபேதங்கள்: ஓர் ஆய்வு

மேற்குக் கொச்சியில், பள்ளுருத்தி வாடகை வீடொன்றின் மேசையிலுள்ள இரண்டு கணினிகளே இவ்வாய்வின் களம். கேரள அரசுப் பள்ளிகளில் லினக்ஸ்தான் பாடம் என்பதால் மகளின் கணினியில் அது புகுந்தது. தகப்பனின் கணினியில் பிழைப்புக்காகப் புகுந்தது. இரண்டிலும் ‘.பாஷ்ஆர்சி’, ‘.விம்ஆர்சி’ எனப் புள்ளியில் தொடங்கும் அமைப்புக் கோப்புகள் உண்டு. ஒப்புநோக்கினால் ஒன்றில் டேப் நான்கு இடம், மற்றதில் எட்டு. எது மூலபாடம், எது இடைச்செருகல்? உ.வே.சா.வே வந்தாலும் ஏட்டின் பழமையைத்தான் கேட்பார். இங்கே இரண்டையும் நேற்றுத்தான் திருத்தியிருக்கிறார்கள்.

பெயரின் முன்னே புள்ளி வைத்தால் கோப்பு பட்டியலில் மறைவதும் யாரும் திட்டமிட்டதல்ல. நடப்புக் கோப்புறையையும் அதன் மேலுள்ளதையும் குறிக்கும் ‘.’, ‘..’ என்ற இரு பதிவுகளை மட்டும் பட்டியலில் காட்டாதிருக்க, அந்நாளைய யூனிக்ஸ்காரர் முதல் எழுத்து புள்ளியா என்று மட்டும் பார்த்து வேலையை முடித்துவிட்டார் என்கிறார் யூனிக்ஸ் வல்லுநர் ராப் பைக். சோம்பல் மரபான கதை இது.

பாடபேதத்துக்கு மருந்து சிம்லிங்க், அதாவது மூலக்கோப்பின் பாதையை மட்டும் சுட்டும் இணைப்பு. 1983இல் வந்த 4.2 பிஎஸ்டி யூனிக்ஸிலேயே அது இருந்தது. கோப்புகளையெல்லாம் ஒரே கோப்புறையில் வைத்து, அதைக் கிட் என்ற பதிப்பு மேலாண்மைக் கருவி வழியாக இரு கணினிகளுக்கும் பொதுவாக்கி, வழக்கமான இடத்தில் ‘எல்என் -எஸ்’ போட்டு இணைப்பை மட்டும் விட வேண்டும். முதலில் மூலம், பிறகு இணைப்பின் பெயர். இந்த வரிசையை மறக்காத ஒருவரை இவ்வாய்வாளர் இன்னும் சந்திக்கவில்லை. கோப்புகள் பெருகினால் ஜிஎன்யூ ஸ்டோ என்ற கருவி இணைப்புகளை மொத்தமாகப் போட்டுத் தரும்.

சிம்லிங்கின் எடை, அது சுட்டும் பாதையின் நீளமே. ‘பள்ளுருத்தி’ என்ற கோப்பைச் சுட்டினால் 33 பைட். யுடிஎஃப்-8இல் ஒற்றெழுத்தின் புள்ளிக்கும் மூன்று பைட் கூலி. இணைப்பு இன்னோர் இணைப்பைச் சுட்டலாம். இப்படித் தொடரும் இணைப்புகள் 40ஐத் தாண்டினால் லினக்ஸ் கையை விரித்துவிடும்.

இனி ஆபத்து. உரையைத் திருத்தும் ‘செட் -ஐ’ கட்டளை கோப்பை இருந்த இடத்தில் திருத்துவதில்லை. புதிதாக ஒன்றை எழுதிப் பழைய பெயரில் வைத்துவிடுகிறது. சிம்லிங்க் மீது ஓட்டினால் இணைப்பு போய், தனிக்கோப்பு உட்கார்ந்துவிடும். பழையபடி பாடபேதம். ஒரு பிழைச்செய்தியும் வராது.

ஆகவே சந்தேகம் வந்தால் ‘எல்எஸ் -எல்’ போட்டுப் பாருங்கள். வரியின் தொடக்கத்தில் ‘எல்’ இருந்தால் அது இன்னும் இணைப்புதான். வெறும் கோடு இருந்தால் தனிக்கோப்பு. இணைப்பை நகல் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள்: மூலத்தை அழித்தால் மிஞ்சுவது எங்கும் போகாத முகவரிதான். காப்புப்பிரதியைத் தனியாக எடுத்து வையுங்கள்.