அழிக்க முடியாத ஓட்டு

சொந்தத் தொகுதிக்கு வெளியே இருந்தும் ஓட்டுப் போட, பிளாக்செயின் முறையை ஐஐடி மெட்ராஸோடு சேர்ந்து ஆராய்வதாக 2020-இல் தேர்தல் ஆணையம் அறிவித்தது. பதிவான ஓட்டை யாரும் திருத்த முடியாதாம். சென்னை அம்பத்தூர்க்காரர்களுக்குப் புல்லரித்திருக்கும். என்ன, அப்போது அவர்களுக்குக் கவுன்சிலர்தான் இல்லை. 2016 அக்டோபரில் காலியான நாற்காலி நிரம்பியது 2022 மார்ச்சில். 2019-இல் மாநகராட்சியான ஆவடியும் 2022 பிப்ரவரியில்தான் முதல் தேர்தலைப் பார்த்தது.

தேர்தலையே தள்ளிப்போட்டால் பிளாக்செயின் என்ன செய்யும்? ஒவ்வொரு ஒத்திவைப்பையும் தேதி பிசகாமல் பதிந்து வைக்கும்.

நேரடி ஜனநாயகத்துக்குத்தான் பகுதி மக்கள் கூடிக் குறை சொல்லும் ஏரியா சபை இருக்கிறதே! “எங்க தெரு வடிகால் எப்ப சார் முடியும்?” என்று மைக்கைப் பிடித்தே கேட்கலாம். “நோட் பண்ணிக்கிட்டோம்மா” என்பார்கள். அந்த நோட்டையும் யாராலும் திருத்த முடியாது, கையில் கிடைத்தால்தானே!